மூச்சுக்குழாயில் விட்ட மழை

மழை கொட்டியது. குழாயில் மட்டும் சத்தமே இல்லை.

சத்யா அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். மொட்டைமாடியில் மழை அறைவது கேட்டது, பக்கத்துத் தோப்பில் தென்னை மட்டைகள் உரசுவது கேட்டது, தெருவில் தண்ணீர் சலசலத்து ஓடுவதுகூடக் கேட்டது. கொல்லைச் சுவரை ஒட்டி மாடியிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் குழாய் மட்டும் வாயே திறக்கவில்லை. போன வாரத்து மழைக்கு அது தடதடவென்று அதிர்ந்ததில் மகள் மதுமிதா கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். இன்றைக்கு அதைவிடப் பெரிய மழை.

சருகு அடைத்திருக்கும், வேறென்ன? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். அடைப்பும் இல்லை, தேக்கமும் இல்லை. விழுந்த மழையெல்லாம் அழகாக வாட்டம் பிடித்து மூலைக்கு ஓடி, ஓட்டைக்குள் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து காதை வைத்தாள். உள்ளே, வெகு கீழே, யாரோ அவசரமில்லாமல் தண்ணீர் குடித்தார்கள். மடக். கொஞ்சம் பொறுத்து, மடக்.

“கருமம் பிடிச்சது!” என்றாள் சத்தமாக. பயம் வந்தால் அவளுக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

கணவன் ஆனந்தராஜ் சிங்கப்பூரில் வெல்டிங் வேலையில் இருக்கிறான். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் மனை பார்த்ததும், வெயிலில் நின்று ஆள் வைத்து வீட்டை எழுப்பியதும் சத்யாதான். மனையின் மூலையில் ஒரு பாழுங்கிணறு கிடந்தது. சுற்றிலும் ஆளாளுக்கு போர்வெல் போட்டு உறிஞ்சியதில் அது தண்ணீரைக் கண்டே பல காலம் ஆகியிருந்தது. அதில் யாரும் விழுந்து செத்ததில்லை என்று ஊர் முழுக்க விசாரித்துவிட்டுத்தான் வாங்கினாள். கிணற்றை மண் போட்டு மூடும்போது, வழக்கப்படி உள்ளே ஒரு குழாயை நிறுத்தி, மேல்வாயைத் திறந்து விட்டார்கள். கிணறு மூச்சு விட வேண்டுமாம். அந்தக் குழாயில் யாரும் எதையும் ஊற்ற மாட்டார்கள்.

மாடித் தண்ணீருக்கு எங்கே குழி வெட்டுவது என்று பிளம்பர் அஜித் கேட்டபோது அவள்தான் சொன்னாள். “அதான் ரெடியா ஒரு பைப்பு நிக்கிதுல்ல தம்பி? அதுலயே கொடுத்து விட்டுரு.” சுவரும் நனையாது, தண்ணீரும் வீணாகாது. நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் மெச்சினார்கள்.

கீழே இறங்கினாள். கூடத்தில் ஒரு வாடை. மழை நாளில் ஈரவாடையாவது வர வேண்டும். இது கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாயின் புழுதி வாடை.

“அம்மா, கொடத்துல தண்ணியே இல்லம்மா.”

காலையில் நிரப்பிய குடம். கையை விட்டுத் துழாவினாள். அடிவரை காய்ந்திருந்தது. வாளியும் அப்படியே. மதியம் அரைத்த தோசைமாவு பாளம் பாளமாக வெடித்திருந்தது. மதுமிதாவின் உதடும் வெடித்திருந்தது.

“தாகமா இருக்கும்மா.”

சத்யா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையோடு ஓடி, பக்கத்து வீட்டு லட்சுமி அக்காவிடம் கொடுத்தாள். “மொதல்ல தண்ணி குடுங்கக்கா. நான் வாரேன்.”

திரும்பியபோது போன் அடித்தது. கணவனின் அண்ணன் உடையப்பன். பொம்பளை நின்று கட்டிய வீடு முதல் மழைக்கே ஒழுகும் என்று கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் உட்கார்ந்து சொன்ன மனுஷன்.

“என்னம்மா, ஒழுகுதா? வண்டி எடுத்துட்டு வாரேன். வீட்டப் பூட்டிச் சாவிய எங்கிட்ட குடுத்துட்டு, பிள்ளையோட இங்கிட்டு வந்து இரு.”

சாவி அவர் கைக்குப் போனால் போனதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“ஒரு சொட்டுகூட ஒழுகல மச்சான். நீங்க ஒங்க வேலையப் பாருங்க.”

போனை வைத்தாள். சுவரின் புதுப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர ஆரம்பித்திருந்தது.

அஜித் மறந்துவிட்டுப் போன ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குழாயைத் தரையோடு தரையாக அறுத்தாள். அறுந்ததும் மேல்குழாயை உதைத்துத் தள்ளினாள். அது ஓரமாக விலகி நின்றது. இனி தண்ணீர் தரையில் விழுந்து தெருவுக்கு ஓடிவிடும்.

விழவில்லை.

குழாயிலிருந்து வந்த தண்ணீர் அந்தரத்தில் வளைந்தது. இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி குறுக்கே நீண்டு, தரையிலிருந்த ஓட்டைக்குள் போனது. மடக். இப்போது இடைவெளி விடாமல். மடக். மடக்.

ஓட வேண்டும் போல இருந்தது. ஓடினால் இந்த வீடு யாருக்கு?

துவைக்கிற கல்லைப் புரட்டிப் புரட்டிக் கொண்டுவந்து ஓட்டையின் மேல் தள்ளினாள். கயிறு அறுந்தது. தண்ணீர் தொப்பென்று தரையில் விழுந்து, வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல் அசைந்தது.

ஏறி உட்கார்ந்தாள். முழு பாரத்தையும் அதன்மேல் போட்டு அழுத்தினாள். “குடிச்சது போதும். இது என் வீடு. போ!”

அடியில் சத்தம் நின்றது. மழை மட்டும் பெய்தது. தலை நனைந்தது. தோள் நனைந்தது.

புடவைக் கரை நனையவில்லை.

தொட்டுப் பார்த்தாள். மொடமொடவென்று இருந்தது. இப்போதுதான் இஸ்திரி போட்டு எடுத்தது மாதிரி. அந்த வறட்சி மேலே ஏறியது. கணுக்கால். முழங்கால். கொட்டும் மழையில், கல்லில் பட்ட பாதத்தின் தோல் சுருங்கி, வெளுத்து, வெடித்தது. ரத்தம் வரவில்லை.

“அம்மா! எந்திரிம்மா!” பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து மதுமிதா அலறினாள்.

எழுந்தால் கல் புரண்டுவிடும். தண்ணீரைக் குடித்தது வீட்டைக் குடிக்கும், பிறகு பிள்ளையை. சத்யா காய்ந்த நாக்கைப் பிரித்து எடுத்தாள்.

“குடி. எம்புட்டுத்தான் குடிக்கிறேன்னு நானும் பாக்குறேன்.”

கல்லின் இரு ஓரத்தையும் இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு அடியில், நிதானமாக, மடக்.