இடம் மாறிய ஆணித்துளை

காலையில் நாட்காட்டிக்கு மேலே இருந்த ஆணித்துளை, பிற்பகல் மூன்று மணிக்கு அதற்குக் கீழே இருந்தது.

தையற்காரி இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தாள். துளைக்குக் கால்கள் இருந்தன. உண்ணி. இடுக்கியால் பிடித்து ஸ்பிரிட் புட்டியில் போட்டாள். அன்றைக்கு அது பத்தொன்பதாவது.

உண்ணி கடித்து நாய் தடியனின் இரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது, இருபத்தெட்டு நாள் விடாமல் மாத்திரை கொடுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொன்னது அவள் காதில் மட்டுந்தான் விழுந்ததா? பத்தாம் நாள் தடியன் தட்டை நக்கித் தீர்த்ததுமே கணவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மிச்சத்தை, 'அடுத்த தடவைக்கு ஆகும்' என்று அவளுடைய ஊசிப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். இப்போது தடியன் எலும்புக்கூடு. ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. நேற்று மூக்கிலிருந்து இரத்தம் சொட்டியது.

"என்னங்க, அஞ்சு மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்காரு. அவன் எந்திரிச்சானா பாருங்க."

கூடத்தில் நாயோடு பாயில் படுத்திருந்தவர் தூக்கக் கலக்கத்தில் முனகினார்.

"இப்பத்தான் அசந்து தூங்குறான், கத்தாத. உண்ணியெல்லாம் தானா இறங்குது பாரு. மாத்திரையே வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

"ஆமா, பெரிய டாக்டரு! பாயில படுத்துக்கிட்டே வைத்தியம்."

அவர் புரண்டு படுத்தார்.

தானாக இறங்குகிறதா? மழைக்கு அடைத்த சன்னல்களின் மங்கலில், ஈர நாய் வாடையும் இயந்திர எண்ணெய் வாடையும் கலந்து தேங்கியிருந்த அறையில், கடிகாரத்தின் ஒலிக்கு அடியில், காகிதத்தின்மேல் கடுகு உருள்வதுபோல ஏதோ ஒன்று மெல்ல, மிக மெல்ல, ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து எப்போதும் இரண்டு மூச்சுகள் கேட்கும். அவருடையது நீளமானது, தடியனுடையது குறுகியது.

இப்போது ஒன்றுதான்.

ஓடினாள்.

"தடியா..."

வால் அசையவில்லை. தொட்டாள். சில்லிட்டிருந்தது.

உண்ணிகள் இறங்கிக்கொண்டிருந்தன. காதிலிருந்து. விரலிடுக்கிலிருந்து. பாயின்மேல். வரிசையாக. சூடு இருக்கும் பக்கமாக.

"என்னங்க!"

அவர் முகத்தைத் திருப்பினார். காதுமடலுக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து. உப்பிக்கொண்டிருந்தது.

"தூங்க விடேன்," என்று பல் தெரியச் சிரித்தார்.

ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.