இரண்டாவது சொல்

பழைய ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில் இருந்த அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும், ஜன்னலைச் சாத்த வேண்டுமென்றாலும், "பதைக்குது" என்பார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் மூன்று வாரமாக மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டாள். இன்னொரு சொல் பெயரவில்லை.

"பயமா இருக்குன்னு சொல்ல வர்றாங்களா?" என்று அன்று காலை மகளிடம் கேட்டாள்.

"பயம்னா எதிர்ல இருக்கறதப் பார்த்து வர்றதுங்க," என்றாள் மகள். "இது அப்படி இல்ல. என்னமோ வரப்போகுது, ஆனா இன்னும் வரல, அதுதான் பதைக்கிறது. எங்க அண்ணன் விபத்துல போன அன்னிக்கு, சேதி வர்றதுக்கு முன்னாடியே இதைச் சொல்லிக்கிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்தாங்க."

பயிற்சி அறை கீழ்த்தளத்தில். லிஃப்டில் சக்கர நாற்காலியும் பின்னால் ஓர் ஆளும் நிற்கத்தான் இடம். மகள் படியில் இறங்கினாள். பயிற்சிக்காரி நாற்காலியோடு உள்ளே போனாள். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு மாடி இறங்கியிருக்கும். ஒரு குலுக்கல். லிஃப்ட் நின்றது. விளக்கும் அணைந்தது.

கும்மிருட்டு. துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. அவசர மணியை அழுத்தினாள், சத்தமே இல்லை. செல்போன் மேலே கைப்பையில் கிடந்தது.

"பதைக்குது," என்றார் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா, கரண்டுதான் போயிருக்கு. இப்ப வந்துடும்."

"பதைக்குது. பதைக்குது."

சொல் வேகமெடுத்தது. மூச்சு விட இடைவெளியின்றி ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தது. பயிற்சிக்காரி கதவை இரண்டு கையாலும் தட்டினாள், கத்தினாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம். எங்கிருந்தோ ஈரத்துணியின் நாற்றம் மெல்லப் பரவியது.

சட்டென்று அம்மா நிறுத்திவிட்டார்.

பயிற்சிக்காரிக்கு மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. இன்னும் வராததற்குத்தானே அந்தச் சொல்?

"ஏதாவது பேசுங்கம்மா," என்று கிசுகிசுத்தாள்.

"வந்தாச்சு."

மூன்று வாரமாக அவள் தவங்கிடந்த இரண்டாவது சொல். திக்கலே இல்லாமல் வந்தது.

அவள் முதுகுக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். அங்கே யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் அசையவில்லை. அசைந்தால் பட்டுவிடும்.

எவ்வளவு நேரமோ. கூரையில் இருந்த மூடி கறகறவென்று திறந்தது. டார்ச் வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

"பயப்படாதீங்க," என்றார் மெக்கானிக். "மூணு பேரையும் ஒவ்வொருத்தரா ஏத்திடறேன். நாற்காலில இருக்கற அம்மா கடைசியா வரட்டும். கையக் கொடுங்க."

நாங்க ரெண்டு பேர்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதுவும் கேட்கும். திரும்பிப் பார்க்கத் துணிவும் இல்லை.

மேலிருந்து நீண்ட கை அவள் தலையைத் தாண்டிப் போய் எதையோ இறுகப் பற்றியது.

"என்னங்க, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

பயிற்சிக்காரியின் இரண்டு கைகளும் நாற்காலியின் பிடியில் இருந்தன. அம்மாவின் கைகள் மடியில் கிடந்தன.