கூட வந்தவள்

வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு டக் கிழவர் கத்தரியை நிறுத்தினார். "என்ன, ரெண்டு பேரும் ஊர் சுத்திப் பாக்கக் கிளம்பிட்டீங்களா?"

ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. பர்மிங்ஹாமில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இந்த மார்ஷ்கோட் கிராமத்தில் தனியாகக் குடிவந்து மூன்று நாள்தான் ஆகிறது. கிழவருக்குக் கண் மங்கியிருக்கும் என்று சிரித்துவிட்டு, நீலக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

நவம்பர் மாதத்து மூன்றரை மணி வெயில் கல் சுவர்களில் சோகை பிடித்தாற்போல் கிடக்க, மரத்தடியில் அழுகிய ஆப்பிள்களின் புளித்த வாடையும் விறகுப் புகையும் ஈரக் காற்றில் கலந்து வர, தேவாலயத்துக் காக்கைகளைத் தவிர ஊரில் வேறு சத்தமே இல்லை.

தபால் நிலையத்தோடு சேர்ந்த கடையில், கடைக்காரி மேவிஸ் அவளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள். இன்னொன்றை ஹெஸ்டரின் தோளுக்குப் பக்கத்தில், வெறும் காற்றில் நீட்டினாள்.

"நான் தனியாத்தான் வந்தேன்."

"சண்டையா, கண்ணு? வந்த மூணாம் நாளேவா! பாவம், அவ மூஞ்சியே வாடிப்போச்சு பாருங்க."

மேவிஸின் கை காலியானது. ஹெஸ்டரின் காதருகே மிட்டாய்த் தாள் சரசரத்தது.

வெளியே வந்து வேகவேகமாக நடந்தாள். குளிரில் அவள் மூச்சு வெண்புகையாக எழுந்தது. பக்கத்திலேயே, அதே உயரத்தில், இன்னொரு புகை. மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்தப் புகை நிற்கவில்லை.

தேவாலய வாசலில் பாதிரியார் நின்றிருந்தார். அவரிடம் ஓடினாள். அவர் முகம் மலர்ந்து கை நீட்டினார்.

"வாங்க ஹெஸ்டர்! ஊர் பிடிச்சிருக்கா?"

அந்தக் கை அவளைத் தாண்டிப் போய், பக்கத்திலிருந்த எதையோ பிடித்துக் குலுக்கியது.

"நான் இங்க இருக்கேன்! இங்க பாருங்க!" அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்பா, என்ன குளிர்! சீக்கிரம் வீட்டுக்குப் போய் கணப்பு மூட்டுங்க."

ஓடினாள். கத்தினாள். தெருவில் ஒரு தலையும் திரும்பவில்லை.

அவள் வீடு உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தது. கதவைத் தட்டினாள். கை வலித்தது. சத்தம் எழவில்லை. குளிர் சுருக்கென்று ஏறியது. போட்டிருந்த கோட்டு இப்போது அவள் உடம்பில் இல்லை.

சமையலறையில் விளக்கு எரிந்தது. கெட்டில் சீறியது.

அவளுடைய நீலக் கோட்டு ஜன்னலருகே வந்தது.

மேலே அவள் முகம்தான். அவள் கண்கள்தான். வாய் மட்டும் இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

அது சிரிக்கப் பழகிக்கொண்டிருந்தது.