பதினேழாம் வில்லை

பதினேழாம் எண் வில்லை மட்டும் ஈரமாக இருந்தது. காட்டு வாசல் பலகை முழுக்க ஆணிகள், ஆணிக்கொரு பித்தளை வில்லை; மற்றதெல்லாம் காய்ந்து தொங்க, அதன் விளிம்பில் மட்டும் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. ஒரு வாரமாக மழையே இல்லை. டெல்பர்ட் அதைக் கால்சட்டையில் துடைத்து ஆரினிடம் கொடுத்தார். பதினாறு, அவன் மனைவி மார்லிஸுக்கு.

"திரும்பி வந்து அவங்கவங்க கையாலயே மாட்டணும்," என்றார். இந்த ஏரிக்கரைக் காட்டைச் சம்பளம் வாங்காமல் காக்கிற கிழவர். "கடைசி வில்ல ஆணிக்கு வந்தாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

"அடுத்தவங்க மாட்டுனா பித்தளை கோவிச்சுக்குமா?" என்றாள் மார்லிஸ். முப்பது வருடம் மரச்சாமான் கடை நடத்தியவள். முதலில் சொன்ன விலையையே நம்பாதவள் கதையையா நம்புவாள்?

"ஏரியில ஐஸ் வெட்டி வித்த காலத்துல ஒரு மேஸ்திரியும் இப்படித்தான் கேட்டான். நல்ல குளிரு, வீட்டுக்குப் போற அவசரம். ஒருத்தன் மட்டும் வரல. அவன் கழட்டிப் போட்ட கோட்டுல வில்ல இருந்துச்சு. மேஸ்திரியே அத எடுத்து மாட்டிட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஆள் வீட்டுக்கு வந்தான். பசிக்குதுன்னான். மூணு மாசம் பொண்டாட்டி ஆக்கிப் போட்டா. வசந்தத்துல ஐஸ் உருகுனப்ப அதே ஆள் ஏரியில மெதந்தான், மூணு மாசப் பொணமா."

ஆரின் சிரித்தான். "இவ சமையலுக்கு அவன் மூணு நாள் தாங்க மாட்டான்."

"நீ முப்பத்தஞ்சு வருசம் தாங்கலையா? நட."

நவம்பர் வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து கிடந்தது. அறுவை செய்த இடது முழங்காலை இழுத்து இழுத்து நடந்தான் ஆரின். சருகில் ஓர் அடி, ஓர் இழுப்பு, ஓர் அடி, ஓர் இழுப்பு. ஐஸ் கொட்டகை இருந்த முனையில் கல் அடித்தளம் மட்டும்தான் மிச்சம். அங்கே நின்றுவிட்டான்.

"அன்னப் பறவைங்க ஏரியில எறங்குற நேரம். பத்து நிமிசம் பாத்துட்டு வர்றேன். நீ போய்க் காரைச் சூடு பண்ணு. இந்தா, என் பையில ஓட்டை." வில்லையை அவள் கையில் திணித்தான்.

தனியாகத் திரும்பும்போதுதான் அந்த வாசனை வந்தது. மரத்தூள். ஈரப் பைன் மரத்தூள், நேற்று அறுத்தது போல. அவள் மூக்கு அதில் ஏமாறாது. அந்தக் காலத்தில் ஐஸை மரத்தூளில்தான் பொதிந்து வைத்தார்களாம். கரையோரம் புதிதாகக் கட்டியிருந்த மெல்லிய பனித்தகடு, இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டியது போல ஒலித்தது. ஒலி ஏரியின் அடியில் ஓடி, எதிர்க்கரையைத் தொட்டு, அவள் காலடிக்கே திரும்பி வந்தது. நடையை வேகமாக்கினாள்.

டெல்பர்ட் வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தார். "ரெண்டு பேரும் வந்தாச்சா?"

திரும்பிப் பார்த்தாள். வளைவில், மரங்களுக்கு நடுவே, ஆரினின் சிவப்புத் தொப்பி அசைந்தது. "இதோ வர்றான்." கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. பதினாறை மாட்டினாள். அதே வீச்சில் பதினேழையும்.

ஏரி ஒருமுறை ஒலித்தது. பிறகு ஒலிக்கவில்லை.

டெல்பர்ட் நிறைந்த பலகையைப் பார்த்துத் தலையாட்டினார். "கேட்டை இழுத்துச் சாத்திட்டுப் போங்க." வண்டியின் பின்விளக்குகள் மரங்களுக்குள் மறைந்தன.

அவள் காரில் ஏறிச் சூட்டைத் திருகினாள். கண்ணாடிக்கு அப்பால் சிவப்புத் தொப்பி சரளைக்கல் பாதைக்கு வந்தது. ஆரினின் கோட்டு. ஆரினின் தோள். கல்லில் காலடிச் சத்தம்.

ஓர் அடி. ஓர் அடி. ஓர் அடி.

இழுப்பு இல்லை.

அவள் கை சூட்டுத் திருகிலேயே நின்றது. அப்போது ஏரிப் பக்கமிருந்து, வெகுதூரத்திலிருந்து, தண்ணீர் குடித்த குரல் ஒன்று.

"மார்லிஸ்... ஐஸ் தகடு ஒடஞ்சிருச்சு... மார்லிஸ், கை குடு..."

நடந்து வந்தது நிற்கவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பலகைக்கு ஓடினாள். வில்லையை எடுத்துவிட்டால் போதும். ஆணி காலியாக இருந்தால் அவன் இன்னும் வெளியே இருப்பவன். இன்னும் வர வேண்டியவன். பதினேழைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஆணியோடு உறைந்திருந்தது. கையுறையைப் பல்லால் கழற்றி வெறும் விரலால் பற்றினாள். தோல் பித்தளையில் ஒட்டிக்கொண்டது.

"மார்லி..."

பாதிப் பெயரில் குரல் நின்றது. ஏரி வாய் மூடியது போல.

முதுகுக்குப் பின்னால் சரளை நொறுங்கியது. மரத்தூள் வாசனை. கழுத்தில் மூச்சு, அதில் வெதுவெதுப்பு இல்லை.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. முப்பத்தைந்து வருடம் பார்த்த மோதிரம், பார்த்த மச்சம். நகக்கண்ணில் ஈர மரத்தூள். ஒட்டியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது. சற்றே கோணலாகத் தொங்கிய வில்லையை, பார்த்துப் பார்த்து, நேராக்கி வைத்தது.

"போலாமா, மார்லிஸ்," என்றது ஆரினின் குரல். "பசிக்குது."