மூன்றில் ஒரு கம்பி

"எங்க வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டார்மா. ஆனா கம்பெனிக் கடுதாசி அவரைப் பொய்யன்னு சொல்லுது."

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிரே இருந்தவர் முப்பது வருடம் மின் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைகளில் அவருக்கு 'மீட்டரம்மா' என்று பெயர். பக்கத்தில் அவர் கணவர், நோட்டும் பென்சிலுமாக. தையற்கடையை மூடிய நாளிலிருந்து மனைவியின் வழக்குகள்தான் அவருக்கு முழுநேர வேலை.

வந்தவளின் கணவர் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் எலக்ட்ரீஷியன். அவருக்குத் துணையாள் அவளுடைய சொந்தத் தம்பி. போன செவ்வாய்க்கிழமை, மோட்டாருக்கு ஒயர் மாற்றுவதற்காக, கணவர் மெயின் சுவிட்சை அணைத்து, கைப்பிடியில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கரண்ட் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது தம்பியின் பொறுப்பு. "பாத்துட்டேன் அத்தான், கை வைங்க" என்றான். அவர் வைத்தார். வலது கை முழங்கைவரை வெந்து, இரண்டு விரல்கள் போய்விட்டன.

"பூட்டும் அவரோடது, சாவியும் அவர் பையில. அதனால நடுவுல அவரே தொறந்து கரண்டைப் போட்டுட்டு மறந்துட்டார், அடிபட்டப்புறம்தான் மறுபடி அணைச்சுப் பூட்டினதுன்னு முடிவு கட்டிட்டாங்க. வேலையும் போச்சு. இது சூப்பர்வைசர் செஞ்ச சதிம்மா. அவருக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது."

"கள்ளச்சாவி!" என்று தையற்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"உட்காருங்க" என்றார் மீட்டரம்மா. "தம்பி என்னம்மா சொல்றான்?"

"அவன் பாவம். நாலு நாளா ஆஸ்பத்திரியே கதின்னு கிடக்கான். அத்தானுக்குச் சோறு ஊட்டறதே அவன்தான். பத்து வயசுல எங்களோட வந்தவன். பெத்த பிள்ளை மாதிரி அவர்தான் வளத்தார்."

மறுநாள் காலை, மீட்டரம்மா கேட்டுக்கொண்டதால், மோட்டார் அறைக் கதவின் முத்திரையைச் சூப்பர்வைசர் உடைத்தார். விபத்துக்குப் பிறகு உள்ளே யாரும் போகவில்லை. அவள் சிமென்ட் தரையிலிருந்த கறுப்புத் தடத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். கதவுப் பக்கத்து பிளக்கில் சொருகிய பழைய மின்கடிகாரம் பத்து ஐந்தில் நின்றிருந்தது. நடந்ததைச் சொல்ல வந்திருந்த தம்பி அவள் தோளைத் தொட்டு, "வெளியே நில்லுக்கா" என்றான். அவள் நகரவில்லை.

சூப்பர்வைசர் நீட்டிய தாள்களை மீட்டரம்மா நிதானமாகப் படித்தார். மெயின் அணைத்த நேரம் பத்து ஐந்து. முதலுதவி எழுதியது பத்து இருபது. பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்த தையற்காரர், கீறல்கூட இல்லாததால் வாடிப்போனார்.

"நீ எப்படிப்பா டெஸ்ட் பண்ணே?"

தம்பி தயங்கவில்லை. "முறைப்படிதாங்க. மெயினை அணைச்ச பிறகு, முதல்ல கதவோரப் பிளக்ல மீட்டரை வச்சேன். எரநூத்து முப்பது வோல்ட் காட்டுச்சு. அப்புறம் மோட்டார் ஒயர் மூணுலயும் வச்சேன், சைபர். மீட்டர் நடுவுல செத்துப்போயிருக்கக் கூடாதில்லியா, அதனால மறுபடி பிளக்ல வச்சேன். எரநூத்து முப்பது."

"பேஷ்" என்று எழுதிக்கொண்டார் தையற்காரர்.

அறைக்கு வரும் கேபிளையே வெளியே நிறுத்திப் பூட்டச் சொன்னார் மீட்டரம்மா. பிறகு தன் மீட்டரை வராந்தா விளக்குப் பிளக்கில் வைத்தார், முள் எழுந்தது. சுவிட்சின் வெளிமூடியைத் திறந்து முனைகளில் வைத்தார், அசையவில்லை. மறுபடி வராந்தாவுக்குப் போனார், எழுந்தது. அதன்பிறகே, கம்பிக்கு ஒன்றாக இருக்கும் தகடுகளை மறைத்த உள்மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு தகடுகள் விலகி நின்றன. மூன்றாவது, உருகி, இருந்த இடத்திலேயே ஒட்டிக் கிடந்தது.

"கைப்பிடி கீழே வந்திருக்கு. பூட்டும் விழுந்திருக்கு. ஆனா மூணு கம்பியில ஒண்ணுல கரண்ட் நிக்கவே இல்ல. இந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. இந்தப் பிளக்குக்கு எங்கேருந்து கரண்ட் வருது?"

"இதே மெயின்லேருந்துதான்" என்றார் சூப்பர்வைசர். "கரண்ட் நின்ன ரெண்டு கம்பியில ஒண்ணு."

"மெயினை அணைச்சது பத்து அஞ்சு. கடிகாரம் நின்னது பத்து அஞ்சு. நடுவுல உங்க வீட்டுக்காரர் மறுபடி போட்டிருந்தா முள்ளு நகர்ந்திருக்கும்மா. அவர் பூட்டைத் தொடவே இல்ல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தம்பியின் கையைப் பிடிக்கத் திரும்பினாள். மீட்டரம்மாவும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிகாரமே நின்னுபோன பிளக்ல, உனக்கு மட்டும் எரநூத்து முப்பது எப்படிப்பா வந்துச்சு? அதுவும் ரெண்டு தடவை?"

தையற்காரரின் பென்சில் நின்றது. தம்பி அக்காவைப் பார்க்காமல் பேசினான்.

"மீட்டர் ஸ்டோர்ல இருந்துச்சு... மூணு மாடி ஏறணும். பூட்டுதான் போட்டாச்சே, என்ன ஆயிடப்போகுதுன்னு..."

"நீ வைக்கவே இல்லியா?" என்றாள் அவள்.

அவன் தலை குனிந்தான்.

"சோம்பல்ல சொன்னதைக்கூட மன்னிச்சிருப்பேன்டா. அவரே கரண்டைப் போட்டார்னு பழி சொன்னது யாரு?"

"எழுதிக் கொடுத்ததே இவன்தாம்மா" என்றார் சூப்பர்வைசர், மெல்ல. "கண்ணால பாத்தேன்னு எழுதியிருந்தான். அவர் அப்படிப்பட்ட ஆளில்லன்னு நான் சொன்னேன். சொந்த மச்சானே சொல்லும்போது என் பேச்சு எடுபடல."

யாரைத் திட்டிக்கொண்டே அவள் இங்கு வந்தாளோ, அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

"பயந்துட்டேன்க்கா. ஜெயில்ல போட்டுருவாங்களோன்னு... நான் உன் தம்பிக்கா."

"அதனாலதான்டா அவர் உன் வார்த்தைய நம்பிக் கை வச்சார்."

மீட்டரம்மா அறிக்கையை எழுதி முடித்தார். அவன் ஒப்புக்கொண்டதற்குச் சாட்சி தேவைப்பட்டது. தையற்காரர் தானே கையெழுத்துப் போடுவதாகக் கை நீட்டினார். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். எழுத்து கோணவில்லை.

மாலையில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். "உங்கமேல தப்பில்லன்னு எழுதியாச்சு" என்றாள். கணவர் கண்ணை மூடித் திறந்தார். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நம்ம பையன் எங்கே, சோறு ஊட்ட வரலியா? அவன்கிட்ட சொன்னியா? கேட்டா துள்ளிக் குதிப்பான்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போடாத அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.