தடமில்லாத மனிதர்

“தாங்கள் மனிதர் அல்லர்” என்று திரை மூன்றாவது முறையாகச் சொன்னது. பூவராகன் தன் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையான வசவு வாங்கியதில்லை.

சேலத்து மருத்துவமனையில் அவர் மனைவி மலர்க்கொடி மூளையில் ரத்தக்கசிவோடு கிடந்தாள். தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவள் பந்தியிலேயே சாய்ந்துவிட்டாள். அறுவை இயந்திரம் தயார். கணவரின் ஒப்புதல் வராமல் அது கத்தியைத் தொடாது. வழக்குக்குப் பயந்தவர்கள் செய்த இயந்திரம் அது. பூவராகனோ ஓசூரில் தன் லினக்ஸ் கணினி முன்னால் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“சிஸ்டர், என் மூஞ்சி உங்களுக்குத் தெரியுதுல்ல? நான் மனுஷன்தானே?”

திரையின் மூலையில் தெரிந்த செவிலி ஜெசிந்தா நல்ல பெண். “மூஞ்சிய வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது சார். போன வாரம்கூட ஒரு அப்பா வந்து அழுது அழுது ஒப்புதல் குடுத்தாரு. அப்புறம் பாத்தா பொய்யாள். தடச்சான்று குடுங்க சார், நேரம் போகுது.”

முகம், குரல், கைரேகை எதையும் போலி செய்யும் நிரல்களுக்குத்தான் பொய்யாள் என்று பெயர். அவை பெருகியபின் அரசாங்கம் ஒன்றை மட்டுமே நம்பியது: ஒருவர் வருடக்கணக்கில் வலையில் அலைந்த தடம். எதைத் தேடினார், எங்கே தயங்கினார், எதைப் பாதியில் மூடினார். அந்த வெட்டி அலைச்சலைப் போலி செய்ய மட்டும் எந்த நிரலாலும் முடியவில்லை.

பூவராகனுக்குத் தடம் கிடையாது. அதுதான் அவர் பெருமை. ஊரில் எல்லோரும் வைத்திருந்தது ஆலம் என்ற நிறுவன உலாவி. அதன் மூலநிரலை எடுத்து, வேவு பார்க்கும் பகுதிகளை வெட்டி எறிந்து, தன்னார்வலர்கள் செய்தது விழுது. ஒரே குடும்பம்தான்; ஆலம் எல்லாவற்றையும் நினைவில் வைக்கும், விழுது மூடியதும் மறந்துவிடும். பூவராகன் விழுதுக் கட்சி. ஆலம் வைத்திருப்பவர்களைக் குளிக்காமல் வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஆனால் அவர் கணினியிலும் ஆலம் இருந்தது. கேஸ் பதிவும் மின்கட்டணமும் அதில்தான் திறக்கும் என்று மலர்க்கொடி நச்சரித்ததால், வேண்டாவெறுப்பாகத் தன் பெயரிலேயே கணக்குத் திறந்து கொடுத்திருந்தார். “உன் பேரு அவனுங்க கையில சிக்க வேணாம்டி” என்று அப்போது சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து பூவராகன் என்ற பெயரில் உலாவியவள் அவள்தான்.

ஆலத்தைத் திறந்தார்.

“வணக்கம் பூவராகன். சான்று பெற, வழக்கம்போல் சற்று நேரம் உலாவுங்கள். சோதனை முடியும்வரை பழைய தடம் மூடப்பட்டிருக்கும்.”

இவ்வளவுதானே என்று நினைத்தார். கட்டின மனைவியைத் தெரியாதா? வத்தக்குழம்பு என்று தட்டினார். பொருத்தத்தைக் காட்டும் பச்சைக்கோடு இறங்கியது. தங்கம் விலை என்றார். இறங்கியது. பட்டுப்புடவை, சீரியல், ராசிபலன். ஒவ்வொன்றுக்கும் கோடு படிப்படியாகச் சரிந்தது. முழங்கால் வலி என்று பாதி தட்டியவர் நிறுத்தினார். அவளுக்கு முழங்கால் வலி உண்டா?

எப்போதோ சாப்பிடும்போது அவள் ஒரு பாலத்தைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தது நினைவுக்கு வந்தது. இவர் விழுதின் புதிய பதிப்பைப் பற்றிப் பேசி அவள் வாயை அடைத்திருந்தார். பாலம் என்று தட்டினார். கோடு துள்ளி ஏறியது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

எந்தப் பாலம்? பாம்பன் என்று தட்டினார். கோடு விழுந்தது.

“சார், பல்ஸ் எறங்குது. என்ன சார் பண்றீங்க?”

“இரும்மா, இரு. பாலம்… என்னமோ ஒரு பாலம் சொன்னா…”

திரை சிவந்தது. “சோதனை முடிந்தது. இது ஒரு குடும்பப் பெண்ணைப்போல் நடிக்கும் பொய்யாள். பூவராகன் இவற்றில் ஒன்றைத் தவிர வேறெதையும் ஒருநாளும் தேடியதில்லை.”

அவர் சேலம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஜெசிந்தா வாசலிலேயே காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

“மன்னிச்சிருங்க சார். அம்மா போன்லயும் உங்க கணக்குதான் இருந்துச்சு. அதனால எறந்தது பூவராகன்னு பதிவாயிருச்சு. அத மாத்தறதுக்கு மனு போடணும். மனு போட மனுஷனா இருக்கணும்.”

“நான் அவளப் பாக்கணும்மா.”

“பாக்கலாம் சார். ஆனா பாடிய வாங்கிக்க, தடம் காட்டி யாராச்சும் கையெழுத்துப் போடணும். ரத்த சொந்தம், இல்லேன்னா புருஷன் வழிச் சொந்தம்.” அவள் தயங்கினாள். “உங்க சொந்தத்துல மனுஷங்க யாராச்சும் இருக்காங்களா சார்?”

பூவராகன் யோசித்தார். தம்பி, தங்கை, மச்சினன், மச்சினி என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். அத்தனை பேர் வீட்டுக்கும் வலியப் போய், ஆலத்தை அழித்து விழுதை நிறுவிக் கொடுத்தவர் அவர்தான்.

“இல்லம்மா” என்றார். “யாரும் இல்ல.”