அணுசக்தி மசோதாவும் ஓர் ஆட்டோவும்

"அடக் கடங்காரா! நான் கை காட்டுன ஆட்டோவுல ஏறுதானே..."

லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில், கொட்டுகிற மழையில், பூங்கோதை தைரியமாகத் தமிழில்தான் திட்டினாள். டில்லியில் யாருக்குப் புரியப்போகிறது?

ஆட்டோவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் குறும்பாக இரண்டு கண்கள்...

"கடங்காரன் ஆர்.கே.புரம் போறேன். ஏறிக்கோங்கோ, ஜல்தி!"

ஐயோ, மானமே போச்சு!

பேர் பத்ரி. பிறந்து வளர்ந்ததெல்லாம் டில்லி. பாதித் தமிழ், பாதி ஹிந்தியில், அவள் இறங்க வேண்டிய முனிர்கா வரை வாய் ஓயாமல் பேசினான். கோவில்பட்டியிலிருந்து வந்த இரண்டு வருஷத்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் இவ்வளவு தமிழ் பேசியதில்லை. அம்மா போனில் "சாப்பிட்டியாட்டி?" என்பாள். அப்புறம் அந்த ஒற்றை அறையில் ஃபேன் சத்தம்தான். இறங்கிய பிறகும் அந்த ஆட்டோ போன திசையையே ஏனோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கூட்டத்தில் எதிரே பார்த்தால்... அவன்!

அணு மின்சாரத்துக்குப் புதுச் சட்டம் எழுதும் குழுவில் அவள் இருந்தாள். கருத்துச் சொல்ல மின் நிலையக் கம்பெனி அனுப்பிய இன்ஜினியர் அவன். அவள் எழுதிய ஒரு பிரிவில் சண்டை மூண்டது. அணு நிலையத்தைச் சோதிப்பவரானாலும் சரி, சட்டம் எழுதுபவரானாலும் சரி, கம்பெனியில் வேண்டியவர் இருந்தால் சொல்லிவிட்டு விலக வேண்டும் என்றது அந்தப் பிரிவு.

"எங்க கம்பெனி டவுன்ஷிப்ல எல்லாரும் உறவு. இப்படிப் போட்டா சோதிக்க ஆளே கிடைக்காது" என்றான்.

"மச்சானே வந்து மச்சானைச் சோதிச்சா விளங்கிரும்!"

அவள் சொன்னதை யாரோ ஹிந்தியில் எடுத்துச் சொல்ல, அறையே சிரித்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது.

டீ இடைவேளையில் வந்தான். "நேத்து கடங்காரன், இன்னிக்கு ஃப்ராடா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, வீம்பு! "சட்டம் ஆளப் பாத்து வராது" என்றாள். அவன் டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

அப்புறம் என்ன... தனியே டீ, தனியே பஸ், தனியே சாப்பாடு. முன்பும் அப்படித்தான் இருந்தாள். இப்போதுதான் வலித்தது. ஒவ்வொரு ஆட்டோவிலும் அவள் கண்கள் அந்தக் கண்ணாடியைத் தேடின. மசோதாவைத் திறந்தால் அந்தப் பிரிவில் வந்து மனசு மாட்டிக்கொண்டது. 'பைத்தியமே, உனக்கே தெரியுதுல்லா?'

கடைசிக் கூட்டத்துக்கு முந்தின நாள் மேலதிகாரியிடம் போய் நின்று காரணத்தைச் சொன்னாள். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்த மசோதா ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது அழுகை முட்டியது.

மறுநாள் மாலை ஆபீஸ் வாசலில் மழை. பத்ரி மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"உங்க நாற்காலி காலியா இருந்தது. விலகிட்டேளாமே! என் மேல அவ்ளோ கோபமா?"

"கோபமில்ல."

"பின்னே?"

"கம்பெனியில வேண்டியவங்க இருந்தா விலகணும்னு எழுதுனது நாந்தானே..."

"எங்க கம்பெனியில உங்களுக்கு யார் இருக்கா?"

மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இந்த ஊர்லயே எனக்கு ஒருத்தர்தான். அவரு அங்கதான் வேல பாக்காரு."

பத்ரி கண்ணாடியைக் கழற்றினான். துடைக்க மறந்து நின்றான்.

"அச்சா... அவர்ட்ட சொல்லியாச்சா?"

"இப்பத்தான் சொல்லுதேன்."